கிளவுட் பில்லில் யாரும் முடிவெடுக்காத வரிகள்

சர்வர்களை வாடகைக்குத் தரும் அமேசான் வெப் சர்வீசஸில் ஓடும் ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பின் மாத பில்லை எடுத்துப் பாருங்கள். "இசி2-அதர்" என்று ஒரு வரி இருக்கும்; இசி2 என்பது சர்வர் வாடகை, அதர் என்பது அதைச் சுற்றிய மற்றவை. சர்வர்களுக்கான வாடகையை அது தொட்டுவிட்டிருந்தாலோ தாண்டியிருந்தாலோ, அந்தக் கம்பெனியில் யாரும் பில்லைப் படிப்பதில்லை என்று சொல்லிவிடலாம். நேட் கேட்வே (சர்வர் இணையத்துக்குப் போகும் வாசல்), டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்துப் பிரதி), ஒரு ஸோனிலிருந்து (ஒரே பகுதிக்குள் இருக்கும் தனி டேட்டா சென்டர் தொகுதி) இன்னொரு ஸோனுக்குப் போன டேட்டா எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

சர்வரின் அளவை எல்லோரும் யோசித்துத்தான் தேர்வு செய்கிறார்கள். எட்டு ஜிகாபைட் மெமரி போதுமா, பதினாறு வேண்டுமா என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். பணம் போவது அங்கே அல்ல. யாரும் பேசாத இடங்களில், டெராஃபார்ம் (கட்டமைப்பைக் கோடாக எழுதும் கருவி) மாட்யூல் தானாகப் போட்டுக் கொடுத்ததில், கன்சோல் என்ற நிர்வாகத் திரையில் டிக் ஆகியே வந்ததில், சோதனைக்குப் போட்டு மறந்ததில் போகிறது. நாலைந்து பேர் இருக்கும் கம்பெனியில் மாதம் முந்நூறு டாலர் என்பது சின்னத் தொகை அல்ல. ஒரு பயிற்சிப் பொறியாளரின் சம்பளம் அதற்குள் வந்துவிடும்.

இங்கே சொல்லும் விலைகள் வட வர்ஜீனியா பகுதியின் பட்டியல் விலைகள். மும்பையில் நேட், வெளியே போகும் டேட்டா இரண்டும் இதைவிடக் கூடுதல். மாதத்துக்கு 730 மணி நேரம் என்று கணக்கு.

முதல் வேலை, அமேசானின் செலவு அறிக்கைப் பக்கமான காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் "சர்வீஸ்" வாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு "யூசேஜ் டைப்" வாரியாகப் பிரிப்பது. அப்போதுதான் அந்த ஒற்றை வரி உடைந்து, நேட் கேட்வேயின் மணிக்கணக்கு தனியாக, பைட் கணக்கு தனியாக, டிஸ்க் வகை தனியாக வரும். மும்பைப் பகுதியின் வரிகள் "ஏபிஎஸ்3" என்று தொடங்கும். உங்கள் ஆட்கள் யாருமே மும்பையை விட்டு வெளியே எதையும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது வேறு முன்னொட்டு தென்பட்டால், அதைத்தான் முதலில் துரத்த வேண்டும். இரண்டாவது, சார்ஜ் வகையில் கிரெடிட்டை (அமேசான் தரும் இலவசத் தொகையை) விலக்கிவிட்டுப் பார்ப்பது. ஸ்டார்ட்அப்களுக்கான ஆக்டிவேட் திட்டத்தில் ஒரு லட்சம் டாலர் வரை கிரெடிட் கிடைக்கிற ஸ்டார்ட்அப்கள் உண்டு. கிரெடிட் இருக்கும்வரை பில் பூஜ்யம் என்றே தெரியும். பழக்கங்கள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் உருவாகின்றன. அது காலாவதியாகும் மாதத்தில் அத்தனையும் ஒரே நாளில் ரூபாயாக மாறுகிறது. கிரெடிட் இருக்கும்போதே, அது இல்லாவிட்டால் வந்திருக்கும் தொகையை மாதாமாதம் எழுதி வைக்கும் கம்பெனிகள் தப்பித்துக்கொள்கின்றன.

நேட் கேட்வேயில் கொஞ்சம் நிதானிக்கலாம், ஏனென்றால் மற்றவை எல்லாம் சேர்ந்து தின்பதை இது ஒன்றே தின்னும். தனியார் சப்நெட்டில் (இணையத்திலிருந்து நேராக அணுக முடியாத நெட்வொர்க் பகுதியில்) இருக்கும் சர்வர் இணையத்துக்குப் போக ஒரு வாசல் வேண்டும், அதுதான் நேட். மணிக்கு 0.045 டாலர், அதாவது மாதம் சுமார் 33 டாலர், அது சும்மா நின்றாலும். அதற்கு மேல், அதன் வழியாகப் போய்வரும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் 0.045 டாலர். பலரும் எடுத்துப் பயன்படுத்தும் விபிசி (உங்களுக்கான தனி நெட்வொர்க்) மாதிரிகள் மூன்று ஸோனுக்கு மூன்று நேட் போடும். ஸ்டேஜிங்குக்கும் (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைச் சூழலுக்கும்) அதே மாதிரியைப் பயன்படுத்தினால் ஆறு. ஒரு பைட்கூட நகராமலே மாதம் 197 டாலர்.

பைட் நகரும்போது இன்னும் மோசம். ஒரு ஜிகாபைட் அளவுள்ள கன்டெய்னர் இமேஜ் (ஆப்பை அதற்குத் தேவையானவற்றோடு கட்டிய பொதி), அதை இறக்கி ஓட்டும் பத்து டாஸ்க், நாளுக்கு இருபது டெப்ளாய் (புது வெர்ஷனை ஏற்றுவது) என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 200 ஜிகாபைட். நேட் வழியே வந்தால் ஒன்பது டாலர், மாதம் 270 டாலர். அந்த இமேஜ் அமேசானின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து, அதே பகுதிக்குள்தான் வருகிறது. இருந்தும் நேட் வழியாகப் போனால் காசுதான்.

மருந்து எளிது. எஸ்3-க்கு (அமேசானின் ஃபைல் சேமிப்புக்கு) ஒரு கேட்வே எண்ட்பாயின்ட் (நேட்டைத் தொடாமல் நேராகப் போகும் வழி) போடுங்கள். அதற்கு மணிக்கட்டணமும் இல்லை, ஜிகாபைட் கட்டணமும் இல்லை. கன்டெய்னர் களஞ்சியத்தின் லேயர்கள் எஸ்3-இல்தான் இருக்கின்றன என்பதால் மேலே சொன்ன சுமையில் பெரும்பங்கு இதிலேயே இறங்கிவிடும். டைனமோடிபி டேட்டாபேஸுக்கும் இதே வகை இலவச எண்ட்பாயின்ட் உண்டு. இதில் தவறுவது இரண்டு இடங்களில். எண்ட்பாயின்ட்டை உருவாக்கிவிட்டு, தனியார் சப்நெட்டின் ரூட் டேபிளோடு (டேட்டா எந்த வழியே போக வேண்டும் என்ற பட்டியலோடு) அதை இணைக்க மறந்துவிடுவார்கள். கன்சோலில் எண்ட்பாயின்ட் பச்சையாக இருக்கும், டேட்டா நேட் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். அல்லது பக்கெட் (எஸ்3-இல் ஃபைல்களை வைக்கும் பெட்டி) வேறு பகுதியில் இருக்கும். கேட்வே எண்ட்பாயின்ட் அதே பகுதிக்குள் மட்டும்தான் வேலை செய்யும். மாற்றிய மறுநாள் நேட் பைட் வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும்.

நாலு பேர் கம்பெனிக்கு நேட்டே வேண்டாம் என்பது என் கருத்து. ஆப் சர்வர்களைப் பொது சப்நெட்டில் வைத்து, செக்யூரிட்டி குரூப்பில் (சர்வருக்கான அனுமதி விதிகளில்) லோட் பேலன்சரிடமிருந்து (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) வரும் டிராஃபிக்கை மட்டும் அனுமதித்தால் போதும். பொது ஐபிவி4 முகவரி ஒன்றுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறார்கள், மாதம் 3.65 டாலர். பாதுகாப்பு போய்விடும் என்று பயப்படுவோர், செக்யூரிட்டி குரூப்பை ஒழுங்காக எழுதாத விபிசியில் தனியார் சப்நெட் எவ்வளவு காப்பாற்றும் என்று யோசிக்கட்டும். டேட்டாபேஸுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அது எப்போதும் தனியார் சப்நெட்டில்தான், பொது அணுகல் எப்போதும் மூடியேதான்.

வெளியே போகும் டேட்டாவுக்கு மாதம் முதல் 100 ஜிகாபைட் இலவசம், பிறகு ஜிகாபைட்டுக்கு 0.09 டாலர். ஒரு டெராபைட் வீடியோவோ படமோ எஸ்3-இலிருந்து நேராகப் போனால் 80 டாலருக்கு மேல். முன்னால் அமேசானின் கிளவுட்ஃப்ரன்ட்டை (பல ஊர்களில் பிரதி வைத்து ஃபைல் வழங்கும் சேவையை) வைத்தால் எஸ்3-இலிருந்து அதற்குப் போவது இலவசம், மாதம் முதல் ஒரு டெராபைட் வெளியே போவதும் இலவசம். மீடியாவே உங்கள் தொழில் என்றால் கிளவுட்ஃப்ளேரின் ஆர்2 மாதிரி, வெளியேறும் டேட்டாவுக்குக் கட்டணமே வாங்காத களஞ்சியத்தில் ஆரம்பத்திலேயே வையுங்கள். ஐம்பது டெராபைட் சேர்ந்த பிறகு மாற்றினால், மாற்றுவதற்கே ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்க வேண்டிவரலாம். ஸோன்களுக்கு இடையே போகும் டேட்டாவுக்கு இரண்டு பக்கமும் 0.01 டாலர், காஃப்கா மாதிரி சர்வர்களுக்கிடையே ஓயாமல் டேட்டா அனுப்பும் ஏதாவது ஓடினால் ஒழிய அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

லாக் (ஆப் எழுதும் நிகழ்வுக் குறிப்பு) வேறு கதை. அமேசானின் லாக் சேவையான கிளவுட்வாட்ச் லாக்ஸ் உள்ளே வாங்கும் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் 0.50 டாலர். எஸ்3-இல் ஒரு ஜிகாபைட்டை ஒரு மாதம் வைத்திருக்க 0.023 டாலர் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கனம் தெரியும். ஒரு கோளாறைத் தேடும்போது யாரோ டீபக் லெவலை (எல்லாவற்றையும் விரிவாக எழுதும் நிலையை) போட்டுவிட்டு, கோளாறு கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே விட்டுவிடுவார்கள். நாளுக்கு 20 ஜிகாபைட் லாக் என்றால் மாதம் 300 டாலர், எழுதும்போதே போய்விடுகிறது. பிறகு அழித்தாலும் அந்தக் காசு திரும்பாது. லாக் குரூப்பின் இயல்பு அமைப்பு "என்றைக்கும் அழியாது" என்பதுதான். அதை 14 அல்லது 30 நாளுக்கு மாற்றுவது சேமிப்பு வாடகையை மட்டுமே குறைக்கும். உண்மையான வேலை ஆப்புக்குள்ளே இருக்கிறது. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஹெல்த் செக் வரிகளை எழுதாதீர்கள். வெற்றிகரமான ஒவ்வொரு கோரிக்கையின் முழு பாடியையும் எழுதாதீர்கள். லாக் லெவலைச் சூழல் மாறியில் வைத்து, டெப்ளாய் ஆனால் தானாக "இன்ஃபோ"வுக்குத் திரும்பும்படி செய்யுங்கள். கோரிக்கையின் பாடியில் வாடிக்கையாளரின் போன் நம்பரும் ஓடிபியும் இருக்கக்கூடும் என்பதால், இதில் காசைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது.

டிஸ்க்குகளில் பழைய ஜி.பி.2 வகை இருந்தால் ஜி.பி.3-க்கு மாற்றுங்கள். ஜிகாபைட்டுக்கு 0.10-க்குப் பதில் 0.08 டாலர்; ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். காசைவிட வேகம்தான் இங்கே லாபம். ஜி.பி.2-வில் 100 ஜிகாபைட் டிஸ்க்குக்கு நிலையான வேகம் விநாடிக்கு 300 ஐஓ (படிப்பதும் எழுதுவதும்) மட்டுமே. மேலே பாய்வதெல்லாம் சும்மா இருந்தபோது சேமித்த வேகக் கிரெடிட்டில். கிரெடிட் தீர்ந்ததும் டேட்டாபேஸ் திடீரென்று படுத்துக்கொள்ளும், காரணம் எந்த கோட் மாற்றத்திலும் இருக்காது. ஜி.பி.3 எந்த அளவிலும் 3000 ஐஓவில் தொடங்குகிறது. இன்னொன்று, இன்ஸ்டன்ஸை (வாடகைச் சர்வரை) அழிக்கும்போது ரூட் டிஸ்க் கூடவே அழியும். தனியாகச் சேர்த்த டிஸ்க்குகள் இயல்பாக அழியாது. "அவைலபிள்" நிலையில் (எந்தச் சர்வரோடும் சேராமல்) இருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியலிட்டால், வேலையை விட்டுப் போனவர்களின் சோதனைகள் எல்லாம் வாடகை கட்டிக்கொண்டு அங்கே இருக்கும்.

அமேசானே பராமரிக்கும் ஆர்டிஎஸ் டேட்டாபேஸை நிறுத்தி வைத்தால் ஏழு நாளில் தானாக எழுந்துகொள்ளும். ஸ்டேஜிங்கை நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. நிறுத்தும் வேலையை ஒரு தினசரி ஷெட்யூலாக வைப்பதுதான் வழி. அதைவிடக் கொடியது பழைய வெர்ஷன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் அதன் சமூகம் ஐந்து ஆண்டு ஆதரவு தருகிறது. அதற்குப் பிறகும் ஆர்டிஎஸ்ஸில் மேம்படுத்தாமல் இருந்தால், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விசிபியு (சர்வரின் ஒரு சிபியு பங்கு) ஒன்றுக்கு மணிக்கு 0.10 டாலர் "நீட்டித்த ஆதரவு" கட்டணம் சேர்கிறது. 2024-இல் மைஎஸ்க்யூஎல் 5.7, போஸ்ட்கிரெஸ் 11 இரண்டிலும் இருந்த பலருக்கு இது முதல் அதிர்ச்சி. இரண்டு விசிபியு உள்ள ஒரு டி3.மீடியம் டேட்டாபேஸின் வாடகையே மாதம் 53 டாலர் பக்கம்தான். இந்தக் கட்டணம் 146 டாலர். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னடீஸிலும் அதே கதை: அதன் அமேசான் சேவையான இகேஎஸ் கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர், வெர்ஷன் பதினான்கு மாதங்களைத் தாண்டிவிட்டால் 0.60 டாலர். மாதம் 73 டாலர் 438 ஆகிறது. மேம்படுத்தும் தேதியை காலண்டரில் போட்டு வைப்பது இங்கே நேரடியான வருமானம்.

டி வகை சர்வர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவு என்று டி3.மீடியம் எடுக்கிறார்கள்: மணிக்கு 0.0416 டாலர். அதற்குள் ஒவ்வொரு விசிபியுவிலும் 20 சதவீதம்தான் நிலையான பங்கு. டி3 இயல்பாகவே "அன்லிமிடெட்" முறையில் வருவதால், அதற்கு மேல் தொடர்ந்து ஓடினால் வேகம் குறையாது, விசிபியு-மணிக்கு 0.05 டாலர் ஏறும். இரண்டு விசிபியுவும் முழுதாக நாள் முழுக்க ஓடினால் கூடுதல் 0.08, மொத்தம் 0.1216 டாலர். இரண்டு மடங்கு மெமரியோடு, முழு சிபியுவும் உங்களுக்கே தரும் எம்5.லார்ஜ் 0.096 டாலர்தான். வெப் சர்வர் மாதிரி விட்டுவிட்டு உழைக்கும் வேலைக்கு டி வகை அருமையானது; வீடியோ மாற்றுவதற்கும் வரிசையில் காத்திருக்கும் வேலைகளை முடிக்கும் க்யூ ஒர்க்கருக்கும் அதை வைக்காதீர்கள். ஆர்ம் சிப்பில் ஓடும் டி4ஜி இன்னும் மலிவு, மீடியம் 0.0336 டாலர். பைத்தான், கோ, ஜாவா எல்லாம் சிக்கலில்லாமல் நகரும். இமேஜை ஆர்ம், இன்டெல் இரண்டு வகைச் சிப்புக்கும் பில்ட் செய்ய மறந்தால் கன்டெய்னர் எழும்போதே "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்று விழுந்துவிடும். அதற்கு வேறெங்கும் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சேமிக்கிறேன் என்று கிளம்பிக் காசை இழக்கும் இடமும் உண்டு. எஸ்3-இல் ஒரு கோடி படங்கள், ஒவ்வொன்றும் 200 கிலோபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2 டெராபைட், மாதம் 46 டாலர். அரிதாகத் தொடும் ஃபைல்களுக்கான கிளேசியர் டீப் ஆர்கைவில் அது 2 டாலர்தானே என்று, ஃபைல்களைத் தானாக மாற்றும் லைஃப்சைக்கிள் விதி எழுதுகிறார்கள். ஆயிரம் ஆப்ஜெக்டை மாற்ற 0.05 டாலர் கட்டணம். ஒரு கோடிக்கு 500 டாலர், ஒரே தவணையில். போட்ட காசை மிச்சத்தில் திரும்ப எடுக்கவே ஒரு வருடம் ஆகும். 180 நாளுக்கு முன் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு. சின்ன ஃபைல்களைக் கட்டுக்கட்டாக டார் செய்து அனுப்பினால் மட்டுமே இந்தக் கணக்கு தேறும். இதற்குப் பதில், தயங்காமல் எழுதக்கூடிய விதிகள் இரண்டு: பாதியில் நின்ற மல்டிபார்ட் அப்லோடுகளை (பெரிய ஃபைலைத் துண்டுதுண்டாக ஏற்றுவது) ஏழு நாளில் அழிப்பது, வெர்ஷனிங் போட்ட பக்கெட்டில் பழைய வெர்ஷன்களை முப்பது நாளில் அழிப்பது. பாதியில் நின்ற அப்லோடு கன்சோலின் ஃபைல் பட்டியலில் தெரியாது, பில்லில் மட்டும் இருக்கும்.

இவ்வளவு துளைகளும் எங்கிருந்து வருகின்றன? தேவைக்கு முன்பே வாங்கிய கட்டமைப்பிலிருந்து. மூன்று ஸோன், குபெர்னடீஸ், இருபது மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் குட்டி ஆப்கள்), அவற்றுக்கு நடுவே க்யூ. வாடிக்கையாளர் ஐம்பது பேர். அமேசானின் பிரைம் வீடியோ குழு ஒன்றே 2023-இல் இதை வெளிப்படையாக எழுதியது. வீடியோவின் தரத்தைக் கண்காணிக்கும் அவர்களது அமைப்பு ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் (வேலைகளைப் படிப்படியாக ஓட்டும் சேவை), லாம்டா (சர்வர் எடுக்காமல் கோடை ஓட்டும் சேவை) துண்டுகளாக ஓடியது. ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் ஒவ்வொரு நிலைமாற்றத்துக்கும் காசு, ஸ்ட்ரீமின் ஒவ்வொரு விநாடிக்கும் பல நிலைமாற்றங்கள். போதாததற்குப் படச்சட்டங்களை எஸ்3-இல் எழுதி மறுபடி படித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே புராசஸுக்குள் கொண்டுவந்து, படச்சட்டங்களை மெமரியிலேயே கைமாற்றியபோது செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அவர்களுடைய பாடம் எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் எதற்குக் காசு வாங்குகிறார்கள் என்று தெரியாமல் கட்டமைப்பை வரையக் கூடாது என்பது பொருந்தும்.

முதல் ஆயிரம் வாடிக்கையாளர் வரை ஒரு ஆப், இரண்டு சின்ன சர்வர், ஒரு போஸ்ட்கிரெஸ். க்யூவைக்கூட போஸ்ட்கிரெஸ்ஸிலேயே ஒரு டேபிளாக வைக்கலாம். வேறொருவர் எடுத்த வேலையைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் "ஸ்கிப் லாக்டு" என்ற வசதி 9.5 வெர்ஷனிலிருந்தே இருக்கிறது. இதைச் சொன்னால், நாளைக்குப் பெரிதாக வளர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். வளர்ந்தால் வருமானம் இருக்கும், பிரித்துக்கொள்ளலாம். வளராமலே கையிருப்பு கரைந்து மூடப்படும் கம்பெனிகளைத்தான் அடிக்கடி பார்க்க நேர்கிறது, அது வருத்தம் தரும் காட்சி.

ஒரே ஒரு இடத்தில் சேமிக்கக் கூடாது: பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிப்புத் தளமான கிட்லேப்பில் நடந்ததை ஒவ்வொரு ஸ்டார்ட்அப்பும் படிக்க வேண்டும். ரெப்ளிகாவை (டேட்டாபேஸின் இணைப் பிரதியை) சரிசெய்யும்போது பிரதான டேட்டாபேஸின் டைரக்டரியைத் தவறுதலாக அழித்துவிட்டார்கள். சுமார் 300 ஜிகாபைட் போனது. தினசரி டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுக்க ஏற்பாடு இருந்தது. ஆனால் டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவி 9.2 என்பதால் அது ஓடாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கையொப்பம் இல்லாததால் அஞ்சல் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேர டேட்டா திரும்பவில்லை. கிட்லேப் அதை ஒளிக்காமல் எழுதியதால்தான் இன்று நம்மால் கற்றுக்கொள்ள முடிகிறது.

ஆகவே பேக்கப் எடுக்கிறது என்ற செய்தியைக் கண்காணிப்பதைவிட, மாதம் ஒருமுறை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டிலிருந்து புது ஆர்டிஎஸ் எழுப்பி, முக்கியமான மூன்று டேபிளின் வரிசை எண்ணிக்கையையும் கடைசிப் பதிவின் நேரத்தையும் ஒப்பிட்டு, எவ்வளவு நேரம் ஆனது என்று குறியுங்கள். முதன்முறை செய்யும்போதே சில விஷயங்கள் உறைக்கும். மீட்பது எப்போதும் புது முகவரியில் புது டேட்டாபேஸாக எழும், பழையதன் மேல் எழுதாது. செக்யூரிட்டி குரூப்பை நீங்கள் குறிப்பிடாவிட்டால் இயல்பானது ஒட்டிக்கொள்ளும், ஆப் இணைய முடியாமல் தவிக்கும். டிஸ்க்கின் துண்டுகள் தேவைப்படும்போதுதான் எஸ்3-இலிருந்து இறங்கும் என்பதால் முதலில் க்வெரிகள் ஆமை வேகத்தில் நகரும். மல்டி-ஏஸெட் (இன்னொரு ஸோனில் உடனடிப் பிரதி) போட்டிருக்கிறோம், பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஒரு டேபிளைத் தவறுதலாக டிராப் செய்தால் அடுத்த ஸோனிலும் அது அந்தக் கணமே டிராப் ஆகும்.

ஒரு பிரதியை வேறொரு கணக்கில், வேறு கடவுச்சொல்லோடு வையுங்கள். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற கோட் சேமிப்புக் கம்பெனியின் அமேசான் கன்சோலுக்குள் ஒருவன் நுழைந்து, மிரட்டிப் பணம் கேட்டு, விரட்ட முயன்றபோது டிஸ்க்கையும் ஸ்னாப்ஷாட்டையும் அழித்தான். கம்பெனி அத்தோடு மூடப்பட்டது. எல்லாம் ஒரே கணக்கில் இருந்தது.

கிளவுடை விட்டே வெளியேறலாமா என்ற கேள்வி இப்போது அதிகம் வருகிறது. டிராப்பாக்ஸ் தன் சொந்தச் சேமிப்புக்கு மாறியதில் இரண்டு ஆண்டுகளில் 7.46 கோடி டாலர் மிச்சப்பட்டதாக 2018-இல் பங்குச்சந்தைக்கான ஆவணத்தில் சொன்னது. பேஸ்கேம்ப் மென்பொருளை உருவாக்கிய 37சிக்னல்ஸ் 2022-இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் கட்டிவிட்டு, டெல் சர்வர்கள் வாங்கி வெளியேறியது. நம் ஊரிலிருந்து வளர்ந்த ஸோஹோ பல ஆண்டுகளாகச் சொந்த டேட்டா சென்டர்களில்தான் ஓடுகிறது. மூன்றிலும் பொதுவானது, சுமை சீரானது, சர்வர் பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே சம்பளத்தில் இருந்தார்கள். மாதம் இரண்டாயிரம் டாலர் பில் கட்டுகிறவர் இந்த முடிவைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவருக்கு வேண்டியது, இவ்வளவு செலவழிப்பேன் என்று உறுதி கொடுத்துத் தள்ளுபடி பெறும் சேவிங்ஸ் பிளான்தான், அதுவும் மேலே சொன்ன துளைகளை அடைத்த பிறகு. அடைக்காமல் வாங்கினால் வீணுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போட்டதாகிவிடும். ஒரு வருடம், முன்பணம் இல்லாமல், உங்கள் குறைந்தபட்ச மணிச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் எடுத்தால் போதும்.

எச்சரிக்கை மணிகளில் பட்ஜெட் அலர்ட்டை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். அது செலவை நிறுத்தாது, சொல்லும். அதுவும் பல மணி நேரம் கழித்து. அக்சஸ் கீ (கணக்குக்குள் நுழையும் ரகசியச் சாவி) ஒன்று கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் கசிந்தால், அந்த இடைவெளிக்குள் எல்லாப் பகுதிகளிலும் கிரிப்டோ மைனிங் சர்வர்கள் எழுந்துவிடும். ரூட் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு, ஆட்களுக்கு நிரந்தர கீ கொடுக்காமல் தற்காலிக ரோல், பயன்படுத்தாத பகுதிகளைக் கொள்கை எழுதி மூடுவது, வழக்கத்துக்கு மாறான செலவைக் கண்டுபிடித்துச் சொல்லும், இலவசமாகக் கிடைக்கும் காஸ்ட் அனாமலி டிடெக்‌ஷன். இந்த நான்கையும் ஒரு மாலைக்குள் முடிக்கலாம்.

இந்தியக் கம்பெனிகளுக்கென்று இரண்டு விஷயம் உண்டு. பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்கிறது. டாக்ஸ் செட்டிங்ஸில் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்தால்தான் இன்வாய்ஸில் அது அச்சாகி உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியும். பதியாமல் கடந்துபோன மாதங்களுக்கு ஆடிட்டரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அடுத்து, ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானியங்கிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். பில் வளர்ந்து அந்த வரம்பைத் தாண்டும் மாதத்தில் கட்டணம் தானாகப் போகாது. தோல்வி மின்னஞ்சல் நிறுவனரின் பழைய ஜிமெயிலுக்குப் போகும், கணக்கு முடக்கப்படும் எச்சரிக்கையும் அங்கேயே போகும். பில்லிங், ஆபரேஷன்ஸ், செக்யூரிட்டி மூன்றுக்கும் மாற்றுத் தொடர்பாகக் குறைந்தது மூன்று பேர் படிக்கும் குழு முகவரியைப் பதியுங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் நெட்பேங்கிங் வழியாகக் கட்டும் பொறுப்பை, யூசேஜ் டைப் பட்டியலைப் படிக்கும் அதே ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.